மகனை கோல்ஃப் டூருக்கு அனுப்ப வைப்புநிதியை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 18 வயது, இந்த வருடம் மெட்ரிக், பள்ளியின் கடைசி வருடம். ஒன்பது வயதிலிருந்து கோல்ஃப் ஆடுகிறான். ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் இப்போது பிளஸ் ஒன், அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளைவிட ஒன்று குறைவு. டிலன் நாயுடு சவுத் ஆப்பிரிக்கன் ஓப்பன் ஜெயித்த அன்று இவன் கயிற்றோரமாக நின்று பார்த்தான். அன்றிலிருந்து ஒரே பேச்சு: மெட்ரிக் முடிந்ததும் புரொபஷனல் ஆகிவிடுகிறேன், கணக்கியல் படிப்பு வேண்டாம் என்கிறான். இவன் அப்பா 26 வருடமாக ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டால் பிராவிடென்ட் ஃபண்டில் எட்டு லட்சம் ராண்ட் வரும், அதை வைத்து மூன்று வருடம் டூருக்கு, அதாவது புரொபஷனல் போட்டித் தொடருக்கு, அனுப்பலாம் என்கிறார். "அந்தக் காலத்து கோல்ஃப் வீரர் பாப்வா என்ன படித்தார்? கையில் என்ன இருந்தது? ஜெயிக்கவில்லையா?" என்று கேட்கிறார். நான் வேண்டாம் என்றால் பிள்ளையின் கனவைக் கெடுத்தவள் ஆவேன். சரி என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். என்ன செய்யட்டும்?
– ஓர் அம்மா, டர்பன்

பதில்:

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். உங்கள் வீட்டுக்காரர் ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால், தயவு செய்து கொடுக்க விடாதீர்கள். தம்பியின் விஷயத்தை ஆறு மாதம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். 26 வருட வேலையை விட்டபின் திரும்பிப் போய் நிற்க முடியாது.

அந்த எட்டு லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். 2024 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டு ஓய்வுநிதிகளை "டூ-பாட்" (இரு பானை) முறைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றுமுதல் சேரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கும், மூன்றில் இரண்டு பங்கு ஓய்வுகாலப் பானைக்கும் போகிறது. அந்தப் பெரிய பானையை வேலையை விட்டாலும் திறக்க முடியாது. அதற்கு முன்னால் சேர்ந்த பணத்தையும் சேமிப்புப் பானையில் இருப்பதையும்தான் ராஜினாமா செய்து எடுக்க முடியும். ஆகவே எட்டு லட்சத்தில் எவ்வளவு உண்மையில் கைக்கு வரும் என்று ஃபண்டுக்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முழுவதும் வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஓய்வு பெறும் முன் எடுக்கிற பணத்துக்கு 2025 அட்டவணைப்படி முதல் 27,500 ராண்டுக்கு மட்டும் வரி இல்லை. அதற்கு மேல் 726,000 வரை 18%, அதையும் தாண்டினால் 27%. எட்டு லட்சத்துக்கு 145,710 ராண்ட் வரியாகப் போகும். கையில் நிற்பது 654,290. ஓய்வு பெறும்போது மொத்தமாக எடுக்கிற தொகையில் முதல் 550,000 ராண்டுக்கு வரியே கிடையாது. இன்றைக்கு எடுப்பது அந்தச் சலுகையையும் சேர்த்தே தின்றுவிடும்.

இனி டூர் செலவு. ஒரு போட்டி வாரத்துக்குப் பயணம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம், சாப்பாடு, மட்டைப் பை தூக்கும் கேடிக்கு வாரக் கூலி எல்லாம் சேர்த்து 15,000 ராண்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இது தனி வண்டியில் போய், அறையை இன்னொரு பையனோடு பகிர்ந்துகொள்கிற கணக்கு. வருடத்துக்கு 20 வாரம் என்றால் 3 லட்சம். பயிற்சியாளருக்கும் மட்டைகளுக்கும் இதில் ஒரு காசும் வைக்கவில்லை. 654,290 ராண்ட் இரண்டு வருடமும் இன்னும் மூன்று நாலு போட்டிகளும் தாங்கும். மூன்றாம் வருடம் எங்கிருந்து வரும்? அப்பாவுக்கு அப்போது சம்பளம் இருக்காது.

"அவன் பரிசுப் பணம் வாங்க மாட்டானா?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. நம் நாட்டுப் புரொபஷனல் போட்டித் தொடரான சன்ஷைன் டூரில் 20 லட்சம் ராண்ட் பரிசுத் தொகை உள்ள ஒரு போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவனுக்கு அதில் ஏறக்குறைய 16%, அதாவது மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து கீழே இறங்க இறங்கத் தொகை வேகமாகக் கரைந்து, "கட்" என்ற வடிகட்டலைத் தாண்டியவர்களில் கடைசியில் நிற்பவனுக்குச் சில ஆயிரம் ராண்ட்தான் மிஞ்சும். அவனுக்கு அந்த வாரம் நஷ்டத்தில்தான் முடிகிறது. முதல் 36 குழிகள் முடிந்ததும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, பாதிக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. பரிசு வந்தாலும் கேடிக்கு அதில் 5 முதல் 10% வரை கொடுப்பது வழக்கம்.

நான் இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. டோங்காட்டில் கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் பிறந்து, பை தூக்கி ஆட்டம் கற்று, நாலு வருடம் டூரில் ஆடியவன் நான். பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் வண்டியில் மட்டைகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறேன். கிளம்பும் முன் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று அம்மாவுக்குப் போன் செய்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் செய்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவைகூட எத்தனை அடித்தாய் என்று கேட்டதில்லை. "சாப்பிட்டாயாப்பா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். பொய்தான். அப்பா டூருக்காகக் காரை விற்றிருந்தார், ஐந்தரை மணி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பஸ் என் மனதில் இருக்கும்போது மூன்றடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்குக்குக் கை நடுங்கியது. அதற்கு முன் அந்தத் தூரத்தில் எனக்குக் கை நடுங்கியதே இல்லை. இது உங்கள் வீட்டுக்காரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். வைப்புநிதியை எடுத்துக் கொடுத்தால் பையனின் தோளில் சுமை குறையும் என்று அவர் நம்புகிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பாவின் 26 வருடத்தைச் சுமந்துகொண்டு ஆட வேண்டியவன் அவன்தான்.

சரி, அவன் ஆட்டம் எப்படி? பிளஸ் ஒன் என்பது சாதாரணக் காரியம் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் அந்த இடத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கடைசி 20 ஆட்டங்களில் மிக நல்ல எட்டை மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். மற்ற பன்னிரண்டு அந்த எண்ணில் தெரியாது. டூரில் யாரும் உங்கள் மோசமான நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவதில்லை. அதோடு, டூரில் நிலைத்து ஆடுகிறவர்களின் ஆட்டத்தை ஹேண்டிகேப்பாக மாற்றினால் பிளஸ் நாலு, ஐந்து, அதற்கு மேலும் வரும். தம்பிக்கும் அவர்களுக்கும் ஒரு சுற்றுக்கு நாலு அடி வித்தியாசம் என்றால் நாலு சுற்றில் பதினாறு அடி. ஜெயித்தவனுக்கும் ஐம்பதாவது ஆளுக்கும் நடுவில் பல வாரங்களில் அவ்வளவுதான் இருக்கும்.

இடமும் முக்கியம். தம்பி வளர்ந்தது கடல்மட்டத்தில், டர்பன் காற்றில். சன்ஷைன் டூரில் பல போட்டிகள் ஹைவெல்ட் மேட்டு நிலத்தில் நடக்கின்றன. ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று லேசு, பந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். இங்கே 150 மீட்டருக்கு எடுக்கிற மட்டையை அங்கே எடுத்தால் பந்து குழி இருக்கும் கிரீனைத் தாண்டிவிடும். சனிக்கிழமை இதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தால் வெள்ளிக்கிழமையே ஆட்டம் முடிந்துபோகும். காற்றில் வளர்ந்த பையனுக்குத் தாழ்வாக அடிக்கத் தெரியும், அது நல்ல சொத்து. மேலே போய் ஆடிப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, இப்போது என்ன செய்வது? ஒரு விஷயம் தம்பிக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். புரொபஷனல் ஆவதை அவன் பதவி உயர்வு மாதிரி பார்க்கிறான். அது ஒரு கையெழுத்து, அவ்வளவே. அன்றைக்கு ஆட்டம் ஓர் அடிகூடக் குறையாது, செலவு மட்டும் ஏறும். 2022 ஜனவரி 1 முதல் அமெச்சூர் (பிழைப்புக்காக ஆடாதவர்) விதிகள் மாறிவிட்டன. இப்போது ஓர் அமெச்சூர் விளம்பரதாரரிடம் உதவி வாங்கலாம். ஹேண்டிகேப் கழிவு இல்லாத போட்டிகளில் 700 பவுண்ட், அல்லது 1,000 டாலர் அளவுக்குள் பரிசுப் பணமும் வாங்கலாம். வரம்புக்கு மேல் பணம் வாங்காதவரை புரொபஷனல்களோடு ஒரே போட்டியில் ஆடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது: சன்ஷைன் டூரின் கியூ-ஸ்கூல் தகுதிப் போட்டியை அமெச்சூராக இருந்துகொண்டே ஆடலாம். டூரில் ஆடும் உரிமை அட்டை கிடைத்தால் அப்போது கையெழுத்துப் போடட்டும். கிடைக்காவிட்டால் அவன் எதையும் இழக்கவில்லை, அடுத்த வாரம் மாகாண அணிக்காக ஆடலாம், வகுப்புக்கும் போகலாம். புரொபஷனலாகப் பெயர் மாற்றிக்கொண்டவன் திரும்ப அமெச்சூராக வேண்டுமானால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

அதனால் என் யோசனை இது. கணக்கியல் இடம் கிடைத்தால் சேரட்டும். டர்பனிலேயே இருந்து இரண்டு வருடம் முழு மூச்சாக அமெச்சூர் கோல்ஃப் ஆடட்டும். குவாசூலு-நேட்டால் அணியில் இடம், தென்னாப்பிரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப், உலக அமெச்சூர் தரவரிசையில் ஏற்றம் ஆகியவைதான் அவனுக்கு இப்போதைய படிகள். தன் வீட்டு மைதானம் அல்லாத இடங்களில், முதல் அடி அடிக்கும் இடங்களில் தொலைவான பின் டீயிலிருந்து, போட்டியில் அடித்த அத்தனை ஸ்கோர் அட்டைகளின் சராசரி பாருக்கு (நிர்ணயித்த அடிகளுக்கு) கீழே வர வேண்டும். அது வந்து, கியூ-ஸ்கூலில் கடைசிக் கட்டம் வரை போய்விட்டால், நானே உங்கள் வீட்டுக்கு வந்து அவனுக்காகப் பேசுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகள் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை தருவதும் உண்டு. நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் செலவில் ஒரு பகுதிதான் கொடுப்பார்கள், மீதியை டாலரில் கட்ட வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முயன்று பார்ப்பதில் தப்பில்லை. புரொபஷனல் ஆகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது பாப்வா. உங்கள் வீட்டுக்காரர் அவர் பெயரைச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. என் தாத்தா அந்தப் பெயரை சாமி பெயர் மாதிரிச் சொல்வார். பாப்வா செகோலம் எழுதப் படிக்கத் தெரியாத கேடி. எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, இடது கையைக் கீழே வைத்து மட்டை பிடித்தவர். 1959ல் டச்சு ஓப்பனை வென்றார், 1960ல் மறுபடியும், 1964ல் மூன்றாம் தடவையும். ஆனால் "கையில் என்ன இருந்தது?" என்ற உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பணத்தை கிரஹாம் வுல்ஃப் கொடுத்தார். ஆயில் ஆஃப் ஓலே என்ற முகப்பூச்சை இதே டர்பனில் கண்டுபிடித்தவர். பாப்வாவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தன் செலவில் ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனது அவர்தான். பாப்வா கடல் தாண்டியது குடும்பத்தின் கஞ்சியை விற்று இல்லை, அம்மா. அவர் ஆட்டம் முதலில் நிரூபணமானது, பணம் அதைத் தேடி வந்தது. உங்கள் வீட்டுக்காரர் பாப்வாவைப் பின்பற்ற விரும்பினால் அந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும். அமெச்சூருக்கு விளம்பரதாரர் உதவலாம் என்று விதி மாறிய பிறகு, தம்பியின் முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி, நம் ஊர் வியாபாரிகளிடம் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். முதல் ஐந்து பேர் மறுப்பார்கள். ஒரு போட்டி வாரச் செலவை ஏற்கிறேன் என்று யாராவது ஒருவர் சொல்வார்.

பாப்வாவின் கதையில் மிச்சமும் இருக்கிறது. 1963ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றார். இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965ல் அதே பட்டத்தை மறுபடி வென்றபோது அவர் தோற்கடித்தவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே வருடம் யு.எஸ். ஓப்பனை வென்று நான்கு பெரிய பட்டங்களையும் முடித்தவர் பிளேயர். அப்படிப்பட்டவரை ஜெயித்தவரை அரசு அதன் பிறகு உள்நாட்டுப் போட்டிகளில் ஆட விடவில்லை, கடவுச்சீட்டையும் பிடுங்கிக்கொண்டது. கோல்ஃபைத் தவிர வேறு பிழைப்பு அவருக்கு இல்லை. 1978ல் வறுமையில் செத்துப்போனார். அவர் பெயரில் இன்று ரெசர்வா ஹில்ஸ் பக்கம் ஆற்றோரமாக ஒரு மைதானம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இரண்டாவது வழி ஒன்று இல்லாமல் அவரை நிற்க வைத்தது அன்றைய நிறவெறிச் சட்டம். உங்கள் மகனை அப்படி நிறுத்த இன்றைக்கு எந்தச் சட்டமும் இல்லை. நாமாக ஏன் நிறுத்த வேண்டும்?

தம்பி கயிற்றோரமாக நின்று பார்த்த அந்த 2025 மார்ச் 2ஆம் தேதியும் அதே டர்பன் கன்ட்ரி கிளப்தான், அன்றும் மழை வந்து போட்டியை 54 குழிகளாகக் குறைத்தார்கள். சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் லோரி கான்டரை வென்று, நூறு வருடத்துக்கு மேல் பழைய அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் கறுப்பு, பழுப்பு நிறத் தென்னாப்பிரிக்கர் டிலன் நாயுடு. நானும் அன்று அழுதேன். தம்பிக்குள் மூண்ட நெருப்பு பொய்யில்லை, அதை அணைக்கச் சொல்லி நான் ஒருபோதும் எழுத மாட்டேன். நீங்கள் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதில்லை. "கியூ-ஸ்கூலை அமெச்சூராக ஆடு, கட்டணத்தை நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அதில் தடை எங்கே இருக்கிறது? அவன் கேட்டதற்கு நீங்கள் கொடுக்கிற முதல் சம்மதமே அதுதான்.

டூரில் இடம் கிடைக்காமல் போனாலும் கோல்ஃபை விட்டு வெளியேற வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்க பி.ஜி.ஏ. (புரொபஷனல் கோல்ஃபர்கள் சங்கம்) வழியாகப் பயிற்சி பெற்று கிளப் புரொபஷனல் ஆகலாம். அந்த வழியில்தான் நான் இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன். கணக்கியல் தெரிந்த ஒருவன் கிளப் நிர்வாகத்துக்குப் போனால் என்னைவிட நன்றாகவே இருப்பான். இதை அவனிடம் இப்போதே சொல்ல வேண்டாம். 18 வயதில் இதைக் கேட்டால் தோற்பாய் என்று சொல்வது மாதிரித்தான் காதில் விழும். நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தூக்கத்துக்கு.

உங்கள் வீட்டுக்காரரோடு கணக்கை மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போடுங்கள், பையனுக்கு மறைக்காமல். வருடத்துக்கு இவ்வளவுதான், இத்தனை வருடம்தான் என்று ஒரு தொகையைச் சம்பளத்திலிருந்து ஒதுக்கச் சொல்லுங்கள். சிறியதாக இருக்கட்டும். அதை ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அந்த மூன்றடிப் பட்டிங்குகளில் பாதியாவது உள்ளே போயிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன். தம்பியின் கடைசி 20 அட்டைகளை அனுப்புங்கள், எந்த மைதானம், எந்த டீ, காற்று எப்படி என்று அவன் கையாலேயே எழுதி. நல்ல எட்டு மட்டும் எனக்குப் போதாது, அது ஹேண்டிகேப்பிலேயே இருக்கிறது. மற்ற பன்னிரண்டையும் மறக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை காலை அவனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாலு பேரும் சேர்ந்து பார்ப்போம்.